அப்பா வேண்டாம் என்கிறார்! அம்மா வேண்டும் என்கிறாள்!

குழந்தைக்கு 9 மாதம் நிறைந்துவிட்டது.

"நாளைக்குப் புதன்கிழமை. நர்சம்மா வரச் சொல்லியிருக்காங்க. பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போடணும்" என்கிறாள் மனைவி.

"வேண்டாம். போன தடவை போட்டதுக்கே ராத்திரி முழுக்கக் காய்ச்சல். பிள்ளை துவண்டு போயிட்டான். நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்குப் போய்க் குத்தணும்?" என்கிறார் கணவர்.

"அட்டையிலே தேதி போட்டிருக்குங்க."

"அட்டையா பிள்ளையைப் பெத்தது?"

அத்துடன் பேச்சு நின்றது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். புதன்கிழமை வந்தது, போனது. அடுத்த புதன்கிழமையும் வந்தது, போனது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பது. சில வீடுகளில் ஆள் மாறும். "போட்டே ஆகவேண்டும்" என்பார் அப்பா. "பிள்ளை கதறுவதை என்னால் பார்க்க முடியாது" என்பாள் அம்மா. வேறு சில வீடுகளில் மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம்.

இந்தச் சண்டையில் கெட்டவர் யாரும் இல்லை. வேண்டும் என்பவரும் குழந்தைக்காகத்தான் சொல்கிறார். வேண்டாம் என்பவரும் குழந்தைக்காகத்தான் சொல்கிறார். ஆகையால்தான் சண்டை எளிதில் தீருவதில்லை. சொத்துச் சண்டை என்றால் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஊசியைப் பாதி போட முடியாது!

கணவருக்குத் தெரியாமல்...

இந்த வழக்கு இன்று நேற்று வந்தது அல்ல. 300 ஆண்டுகளுக்கு முன்பே உண்டு.

மேரி மாண்டேகு என்று ஓர் ஆங்கிலச் சீமாட்டி. பெரியம்மை அவருடைய தம்பியைக் கொண்டுபோனது. 1715-ல் அவருக்கும் கண்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் முகம் முழுவதும் தழும்பு. கண் இமை மயிர்கூட உதிர்ந்து போயிற்று.

பிறகு கணவர் துருக்கிக்குத் தூதராகப் போனார். மேரியும் உடன் போனார். அங்கே ஒரு புதுமையைக் கண்டார். அம்மை கண்டவரின் கொப்புளத்தில் இருந்து சிறிது நீரை எடுப்பார்கள். நல்ல உடம்பில் ஊசியால் கீறி அதை வைப்பார்கள். லேசாக அம்மை போட்டு இறங்கிவிடும். அதன்பின் பெரியம்மை அவர்களை அண்டாது. இதைச் செய்தவர்கள் கிழவிகள்!

1718 மார்ச் மாதம். மேரியின் மகனுக்கு இன்னும் 5 வயது நிறையவில்லை. கணவர் ஊரில் இல்லை. தூதரகத்துப் பாதிரியார், "இது கிறிஸ்தவர்களுக்கு அடுத்தது அல்ல" என்று தடுத்தார். மேரி கேட்கவில்லை. மகனுக்கு அம்மை குத்தச் செய்தார். செய்து முடித்த பிறகுதான் கணவருக்குக் கடிதம் எழுதினார். பையன் சுகமாக இருந்தான்.

கணவர் அருகில் இருந்திருந்தால் சம்மதித்திருப்பாரோ, மறுத்திருப்பாரோ! அந்த வாக்குவாதத்துக்கே மேரி இடம் வைக்கவில்லை.

இன்றும் சில தாய்மார்கள் இப்படித்தான் செய்கிறார்கள். "கடைக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். குழந்தைக்கு நன்மைதான். ஆனால் அன்று இரவு காய்ச்சல் வந்தால்? "என்னைக் கேட்காமல் யார் போகச் சொன்னது?" என்று வீடு இரண்டுபடும். அடுத்த ஊசிக்குக் கதவே அடைபட்டுவிடும். அதனால் இது எல்லோருக்கும் ஏற்ற வழி அல்ல.

பிராங்க்ளின் பட்ட வேதனை

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது.

பெஞ்சமின் பிராங்க்ளின் பெரிய அறிவாளி. மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டியவர். பத்திரிகை நடத்தியவர். அமெரிக்க விடுதலைக்குப் பாடுபட்டவர். அம்மை குத்துவது நல்லது என்று தம் பத்திரிகையிலேயே ஆதரித்தவர்.

அவருக்குக் கணக்கும் தெரியும். 1721-ல் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவியது. ஏறத்தாழ 5,900 பேருக்கு நோய் கண்டது. 844 பேர் இறந்தனர். அதாவது 7 பேரில் ஒருவர். அதே நேரத்தில் அங்கு ஒரு டாக்டர் 240-க்கும் மேற்பட்டவர்களுக்கு அம்மை குத்தினார். அவர்களில் இறந்தவர்கள் 6 பேர். அதாவது 40 பேரில் ஒருவர். அந்த நாள் முறையில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனால் நோயின் ஆபத்து அதைவிடப் பல மடங்கு!

பிராங்க்ளினுக்கு 4 வயதில் ஒரு மகன். பெயர் பிரான்சிஸ். 1736-ல் பையனுக்கு வயிற்றுப்போக்கு. "உடம்பு தேறட்டும், பிறகு குத்திக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டார்கள். பெரியம்மை தள்ளிப்போடவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் பிரான்சிஸ் இறந்துபோனான்.

ஊர் என்ன பேசியது தெரியுமா? "அம்மை குத்தியதால்தான் பையன் செத்தான்" என்று பேசியது! மகனை இழந்த தகப்பன், "நான் குத்தவே இல்லை. இயல்பாக வந்த அம்மையில்தான் இறந்தான்" என்று பத்திரிகையில் விளக்கம் போடவேண்டி வந்தது.

பிராங்க்ளின் முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 50 ஆண்டு ஆகியும் அந்த வருத்தம் ஆறவில்லை. அங்கே பெற்றோருக்காகவே ஒன்று சொல்லியிருக்கிறார். குத்தியதால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்களையே மன்னிக்க முடியாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். குத்தாமல் விட்டு ஏதாவது ஆனாலும் அதே வருத்தம்தான் வரும். அப்படி இருக்கும்போது ஆபத்துக் குறைந்த வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

தொடக்கத்தில் பார்த்த வீட்டுக்கு இது அப்படியே பொருந்தும். அந்தக் கணவர், "ஊசி போட்டால் என்ன ஆகுமோ" என்று நினைக்கிறார். போடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார். இரண்டு புதன்கிழமை கழிந்தன. அந்த வீட்டில் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். உண்மை அது அல்ல. முடிவு எடுத்தாகிவிட்டது. தட்டம்மைக்குக் கதவு திறந்தே கிடக்கிறது!

பழி யார் தலையில்?

கணவன் மனைவி இருவரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் ஒன்று உண்டு.

ஊசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது யார்? பெரும்பாலும் தாய். வரிசையில் உட்காருவது யார்? தாய். காலைப் பிடித்துக்கொள்வது யார்? தாய். இரவு காய்ச்சல் வந்தால் ஏச்சு வாங்குவது யார்? அதுவும் தாய்தான்!

"நீதானே கொண்டுபோய்க் குத்திக்கொண்டு வந்தாய்?" இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பல பெண்கள் அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

போடாமல் விட்டு அம்மை வந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை கட்டிவிடுவார்கள். செய்ததற்குப் பழி உண்டு. செய்யாததற்குப் பழி இல்லை. வீட்டுச் சட்டம் இப்படி இருந்தால் குழந்தைக்கு எங்கே நியாயம் கிடைக்கும்?

வேப்பிலை கட்டுவதில் தவறு இல்லை. மாரியம்மனைக் கும்பிடுவதிலும் தவறு இல்லை. அம்மனைக் கும்பிட்ட பாட்டிகள்தான் பெரியம்மைக்குத் தடுப்பு ஊசியும் போட்டுக்கொண்டார்கள். 50 வயதைத் தாண்டியவர்களின் கையைப் பார்த்தால் தெரியும். பலருக்கு வட்டமாகத் தழும்பு இருக்கும். அந்தத் தழும்புகள் இருந்ததால்தான் 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வாக்குவாதம் முற்றும் வீட்டில் பாட்டியைக் கூப்பிட்டு அந்தத் தழும்பின் கதையைச் சொல்லச் சொல்லலாம்.

பயத்துக்குக் காரணம் இல்லையா?

உண்டு. அதை மறைக்கக்கூடாது.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தன. தமிழ்நாடே பதறியது. அதன்பின் ஊர் ஊராகப் போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. டாக்டர் இருக்கும் இடத்தில்தான் போடவேண்டும் என்று ஏற்பாடு வந்தது.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பக்கத்துத் தெருவில் கிடைத்த ஊசிக்குப் பஸ் ஏறவேண்டும் என்றால், கூலி வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அடிப்படை ஊசிகளை முழுமையாகப் பெற்ற குழந்தைகள் 2005-06-ல் 100-க்கு 81. பத்து ஆண்டு கழித்து, 2015-16-ல் 100-க்கு 70! ஏறவேண்டியது இறங்கியது. பிறகு நிலைமை தேறியது. 2019-21-ல் 100-க்கு 89 ஆயிற்று.

ஆகையால், "உனக்கு என்ன தெரியும்?" என்று பயப்படுகிறவரின் வாயை அடைப்பது சரி அல்ல. அவர் கேட்கட்டும். கேட்கவேண்டிய இடத்தில் கேட்கட்டும். புது ஊசியா என்று கேட்கலாம். குழந்தைக்குக் குழந்தை புது ஊசிதான் போடவேண்டும். மருந்துப் புட்டியைக் காட்டச் சொல்லலாம். புட்டியில் ஒரு சிறிய வட்டம் இருக்கும். அதன் நடுவே ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பயம் ஒன்று, புரளி வேறொன்று.

புரளியால் பிரிந்த வீடு

1998-ல் லண்டனில் ஒரு டாக்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசிக்கும் ஆட்டிசம் என்ற மனவளர்ச்சிக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு என்று சந்தேகம் கிளப்பினார். அவர் பார்த்த குழந்தைகள் வெறும் 12 பேர்! பத்திரிகைகள் அதைப் பெரிதாக்கின. இங்கிலாந்தில் லட்சக்கணக்கான பெற்றோர் மிரண்டு போனார்கள்.

பிறகு உண்மை வெளிவந்தது. 2010-ல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அந்த டாக்டரின் பெயர் டாக்டர்கள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரம் குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்று 2019-ல் சொன்னார்கள்.

ஆனால் புரளி பரவும் வேகத்தில் உண்மை பரவுவது இல்லையே! அது இரண்டு சிறுமிகள் இருந்த ஓர் ஆங்கிலக் குடும்பத்தைக் கோர்ட்டுவரை கொண்டுபோனது.

மூத்தவளுக்கு முதல் ஊசி போட்டிருந்தது. அந்தக் கட்டுரையைக் கேள்விப்பட்டதும் தாயும் தகப்பனும் ஒன்றுபட்டு முடிவு செய்தார்கள். மூத்தவளுக்கு இரண்டாவது ஊசி வேண்டாம். இளையவளுக்கு அந்த ஊசியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். காலம் ஓடியது. கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். கட்டுரை பொய்த்ததை அறிந்த தகப்பன் மனம் மாறினார். ஊசி போடவேண்டும் என்றார். தாய் மறுத்தாள். பிள்ளைகளும் வேண்டாம் என்றார்கள். 2013-ல் வழக்கு லண்டன் ஐகோர்ட்டுக்குப் போனது. அப்போது மூத்தவளுக்கு 15 வயது. இளையவளுக்கு 11 வயது. ஊசி போடுவதே பிள்ளைகளுக்கு நன்மை என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

வேல்ஸ் பகுதியில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்த நேரம் அது. 1,200 பேருக்கும் மேல் நோய் கண்டதாகத் தெரிவிக்கப்பட்டது. 25 வயது வாலிபர் ஒருவர் உயிரிழந்தார். ஊசி விட்டுப்போன பிள்ளைகள் வளர்ந்து நின்ற ஊர்களில்தான் அது புகுந்து விளையாடியது.

ஒருகாலத்தில் தாய் தகப்பன் இருவரும் ஒரே கருத்தாக இருந்தார்கள் பாருங்கள். அந்த ஒற்றுமையும் பிள்ளைகளைக் காக்கவில்லை! பெற்றோர் ஒன்றுபடுவது மட்டும் போதாது. எதை நம்பி ஒன்றுபடுகிறார்கள் என்பது முக்கியம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு சோதனை வந்தது. 9 மாதம் முதல் 15 வயதுவரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியது. அதற்குள் வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பிவிட்டது. பேசியவர் யார் என்று தெரியாது. டாக்டரா, வேலை இல்லாதவரா, அதுவும் தெரியாது. ஆனாலும் பெற்றோர் நடுங்கினார்கள். ஊசி போடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. முகம் தெரியாத குரலை நம்பினார்கள். பிரசவத்தில் இருந்து தங்களைப் பார்த்துவரும் நர்சை நம்பவில்லை.

"எல்லோருக்கும் வந்ததுதானே?"

தட்டம்மையை மணல்வாரி என்றும் சொல்வார்கள். "எங்கள் காலத்தில் எல்லோருக்கும் வந்தது, தானாகப் போய்விட்டது" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. பிழைத்தவர்கள் சொல்கிறார்கள். பிழைக்காதவர்கள் வந்து சொல்ல முடியாது.

2023-ல்கூட உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தட்டம்மையால் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்! ஊசி போடாதவர்கள், எல்லா ஊசியும் போட்டு முடிக்காதவர்கள்.

தட்டம்மை காற்றில் பரவுவது. நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் 2 மணி நேரம்வரை கிருமி இருக்கும். தடுப்பு சக்தி இல்லாத 10 பேர் நெருங்கிப் பழகினால் 9 பேருக்குத் தொற்றிக்கொள்ளும். நிமோனியா வரலாம். கடுமையான பேதி வரலாம். சத்துக் குறைந்த குழந்தைக்குக் கண் பார்வை போகலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீங்கும். அம்மை இறங்கிய பிறகும் உடம்பின் எதிர்ப்பு சக்தி நெடுநாள் குன்றிக் கிடக்கும்.

ஊசியால் என்ன வரும்? சிலருக்குக் காய்ச்சல். சிலருக்கு லேசான தடிப்பு. கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது. அது வந்தால் உடனே கவனிக்கத்தான் ஊசி போட்ட இடத்திலேயே அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. அதே ஊசிதான் ரூபெல்லாவையும் தடுக்கிறது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கு ரூபெல்லா தொற்றினால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம். கண்ணில் புரை விழலாம். இதயத்தில் கோளாறு வரலாம். ஊசி போடாத பிள்ளை, வீட்டுக்கு வந்திருக்கும் கர்ப்பிணி அத்தைக்கும் ஆபத்து. பக்கத்து வீட்டில் 5 மாதக் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் ஆபத்து. ஏனென்றால் அதற்கு ஊசி போடும் வயது இன்னும் வரவில்லை.

மூன்றாவது புதன்கிழமை

தொடக்கத்தில் பார்த்த வீட்டில் சண்டை எப்படித் தீரும்?

ஒருவரை ஒருவர் ஜெயிக்கப் பார்த்தால் தீராது. ஒளித்துச் செய்தாலும் தீராது. அந்தக் கணவர் ஒரே ஒரு புதன்கிழமை காலையில் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லவேண்டும். குழந்தையை அவர் தூக்கிக்கொள்ளவேண்டும். அட்டையை மனைவி எடுத்துக்கொள்ளவேண்டும். இருவரும் சேர்ந்து போகவேண்டும்.

மனதில் இருப்பதை அவர் நர்சிடமே கேட்கட்டும்.

"போன தடவை காய்ச்சல் வந்ததே?"

"அது வேறு ஊசி. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதத்தில் போடுவது. போட்ட அன்றைக்கே காய்ச்சல் வரும்; ஒன்றிரண்டு நாளில் போய்விடும். இந்த அம்மை ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் கழித்துத்தான் வரும்."

"தேதி தப்பிவிட்டதே?"

"பரவாயில்லை. வந்துவிட்டீர்களே! இன்றைக்கே போடலாம்."

"லேசாகச் சளி இருக்கிறது."

"அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்."

ஊசி போடும்போது குழந்தையை அவரே மடியில் வைத்துக்கொள்ளட்டும். கதறுவான். கொஞ்ச நேரத்தில் தாயின் தோளில் ஓய்ந்துவிடுவான். ஊசி குத்திய இடத்தில் எண்ணெய் தடவக்கூடாது, தேய்க்கக்கூடாது. தாய்ப்பால் எப்போதும்போல் கொடுக்கலாம். காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று நர்சிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். வலிப்பு, மூச்சுத் திணறல், 3 மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

எட்டாம் நாள் இரவு பிள்ளையின் உடம்பு லேசாகச் சுடலாம். மனைவி பயந்துபோய்க் கணவரின் முகத்தைப் பார்ப்பாள். "நீதானே கொண்டுபோனாய்?" என்று கேட்க அன்று அந்த வீட்டில் ஆள் இருக்காது.

"ஒரு வாரம் கழிச்சு வரும்னு நர்சம்மா நம்மகிட்டே சொன்னாங்களே. சொட்டு மருந்தை எடு. அட்டை எங்கே? அடுத்த ஊசி எப்போன்னு பார்ப்போம்" என்று அவரே சொல்வார்.

அட்டையில் எழுதியிருக்கும்: 16 மாதம் முடிந்ததும்.